அறுநூறு குழந்தைகள்

"இன்னொரு தடவை கேட்டா மிட்டாயை வேற மாதிரி பங்கு போடலாமா, மிஸ்?" என்று சோதனை அறையில் ஒரு சிறுமி முன்பு கேட்டிருக்கிறாள். அன்று பேராசிரியை சிரித்துவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார். அன்பைப் பற்றிய கதை கேட்ட பிள்ளைகள் மிட்டாயைக் கூடுதலாகப் பகிர்கிறார்கள் என்று நாற்பதே குழந்தைகளை வைத்து அவர் எழுதிய ஆய்வுதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. இப்போது யாரோ ஒருத்தி அறுநூறு குழந்தைகளிடம் அதையே செய்து பார்த்திருக்கிறாள். கதை கேட்டவர்களும் கேட்காதவர்களும் ஒரே அளவுதான் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையை வெளியிடலாமா என்று ஆய்விதழ் அவரையே கேட்டிருக்கிறது.

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளைக் கோடு கோடாக மேசையில் போடுகிறது. மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடக்கின்றன. அவர் கை வைத்து அமுக்கவில்லை. அழுகை வரும் என்று காத்திருக்கிறார். பல் மருத்துவர் ஊசி போட்ட கன்னம்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது. "என்னக்கா, பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி உக்காந்துட்டீங்க?" என்கிறாள் பக்கத்து அறை விரிவுரையாளர், பையை மாட்டிக்கொண்டே கட்டுரையை எட்டிப் பார்த்து. "ஏதாவது நொட்டை சொல்லித் திருப்பி அனுப்புங்க. உங்க பேரா வெளியே வரப்போகுது?" "சரிம்மா, நீ கிளம்பு. பஸ்ஸை விட்டுடாதே" என்கிறார் பேராசிரியை.

கதவு சாத்திக்கொள்கிறது. கட்டுரையின் அடிக்குறிப்பை மறுபடி படிக்கிறார்: 'முதல் ஆய்வாளரிடம் மூன்று முறை எழுதி விவரம் கேட்டோம்; கடிதங்கள் அவருக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம்.' மூன்றும் கிடைத்தன. படித்துவிட்டுத்தான் பதில் போடாமல் விட்டார். முகம் தெரியாத அந்தப் பெண் ஒரே வரியில் அவர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். 'குழந்தைகளைத் தேர்ந்தெடுத்த விதம் சரியில்லை' என்று கணினியில் முன்பே தட்டி வைத்திருந்ததை எழுத்து எழுத்தாக அழிக்கிறார். 'நேர்மையான ஆய்வு. அப்படியே வெளியிடலாம்' என்று எழுதுகிறார். மதிப்பீட்டுப் படிவத்தில் மதிப்பிடுபவர் பெயர் எழுத இடமில்லை. அனுப்பிவிடுகிறார்.