படத்தில் வரும் ராகுலன்

வெள்ளவத்தைத் தியேட்டரில் விசில் காதைப் பிளந்தது. திரையில் முகமூடிப் பொலிஸ் ஆளும் நகரம், தெருவெல்லாம் பிணம். பதினைந்து வருடமாக நாகேந்திரம் பத்திரிகையில் வாராவாரம் கீறிய சித்திரக்கதை, சண்டைப்படமாக ஓடிக்கொண்டிருந்தது.

"எழும்பும் அன்னம், போவம். தலையிடிக்குது."

"சும்மா இருங்கோப்பா. பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போன ராகுலன் இன்னும் வரேல்லையே!"

சித்திரக்கதையில் அதன் நாயகன் ராகுலன் எப்படியோ தப்பிக்கொண்டே இருப்பான். நாகேந்திரம் ஒருநாளும் அவனைச் சாக விட்டதில்லை. படத்துக்கு முடிவு வேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக்காலில் நின்றார். உரிமையைக் கையெழுத்து வைத்துக் கொடுத்த பிறகு இவர் பேச்சு அங்கே எடுபடவில்லை.

"அப்ப கண்ணையாவது மூடும்."

மனைவி அன்னபாக்கியம் மூடவில்லை. துவக்குகள் வெடித்தன. ராகுலன் விழுந்தான். சனம் கைதட்டியது.

படம் முடிந்து வெளியே வந்தார்கள். காலி வீதிப் பஸ் தரிப்பில் அவள் கேட்டாள்.

"எங்கடை பிள்ளையின்ரை பேரைத்தானே அவனுக்கு வைச்சனீங்கள்?"

"ஓம்."

"வெள்ளை வான் வண்டியிலை கடத்திக்கொண்டுபோன பிள்ளைக்கு மரணச் சேர்ட்டிபிக்கற் எடுங்கோ எண்டு அரசாங்கக் கந்தோரிலை எத்தினை தரம் கேட்டவங்கள்? அவன் உயிரோடை இருக்கிறான், கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு எழும்பி வந்தனீங்களே. படக்காரருக்கு மட்டும் ஏனப்பா வைச்சுக் குடுத்தனீங்கள்?"