சிவப்பு அட்டைக்கு ஓர் அப்பீல்

“உள்ள போயி வாயத் தொறக்காதடா. பேசறதெல்லாம் நான் பேசிக்கிறேன். நீ தலைய மட்டும் ஆட்டு, போதும்.”

அழகுபாண்டி இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். ஜெயபாண்டி அதற்கும் தலையை ஆட்டினான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்பதுதான் தெரியவில்லை.

அழகுபாண்டி, சமயநல்லூரில் மைதானம் வைத்திருக்கும் கால்பந்து கிளப்பின் மேனேஜர். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் கடைசி ஆட்டம். தோற்றால் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். இறங்கினால் மேனேஜர் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். இந்த நேரம் பார்த்து, அணியின் நல்ல தடுப்பாட்டக்காரன் ஜெயபாண்டிக்குப் போன ஆட்டத்தில் சிவப்பு அட்டை. எதிரணி ஆளைக் காலில் மிதித்தானாம். சிவப்பு அட்டை வாங்கினவன் அடுத்த ஆட்டம் ஆட முடியாது. அந்தத் தடையை நீக்கச் சொல்லித்தான் இன்று ஒழுங்குக் குழுவிடம் அப்பீல்.

மாட்டுத்தாவணி பக்கம் ஒரு ஹோட்டல் அறையில் விசாரணை. குழுத் தலைவர் பிலோமினாள் காலையிலிருந்து இதே பஞ்சாயத்தில் உட்கார்ந்து களைத்திருந்தார். ஒருவன் எச்சில் துப்பியிருந்தான், ஒருவன் கொடிக்கம்பை உதைத்திருந்தான். எதிரே ரெஃபரி இன்னாசிமுத்து. மிஷன் பள்ளியில் பி.டி. மாஸ்டர். அந்த அட்டையைக் காட்டியதிலிருந்து அவர் வகுப்புப் பையன்களே அவரைக் கிண்டலடித்து மீம்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவம், தூக்கமில்லாமல் அவர் முகம் வாடியிருந்தது.

திரையில் வீடியோ ஓடியது.

“பாருங்க மேடம், மொதல்ல பந்துலதான் படுது. அவன் கால்ல படவே இல்ல. அந்தாளு தானா விழுந்து உருளுறான்” என்றார் அழகுபாண்டி.

“பந்தைத் தொட்டா எல்லாம் சரியாப் போச்சா? பந்தைத் தொட்டுட்டு அப்படியே காலை உடைச்சாலும் ரெட் கார்டுதான்” என்றார் பிலோமினாள் கொட்டாவியை அடக்கியபடி.

“உடைக்கலையே மேடம்! அடுத்த நிமிஷமே எந்திரிச்சு ஓடுறான் பாருங்க.”

“பின்னால இருந்து இம்புட்டு வேகத்துல பாய்ஞ்சா நான் என்ன செய்யிறது?” என்றார் இன்னாசிமுத்து.

“சார், நீங்க நின்னது எம்புட்டு தூரம்? நடுவுல ரெண்டு மூணு பேரு மறைக்கிறாங்களே?”

“மறைச்சாங்கதான்...” என்று இழுத்தார் ரெஃபரி.

பிடி கிடைத்துவிட்டது என்று அழகுபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போது ஜெயபாண்டி வாயைத் திறந்தான்.

“ரெஃபரி சார் செஞ்சது சரிதாங்க மேடம்.”

மேஜைக்கு அடியில் அவன் காலை அழகுபாண்டி ஓங்கி மிதித்தார். அவன் நிறுத்தவில்லை.

“நான் பந்துக்குப் போகல. அவரு காலுக்குத்தான் போனேன். வேணும்னேதான் பாய்ஞ்சேன்.”

“வீடியோவுல கால் படலையேப்பா?”

“அது தவறிப்போச்சு மேடம். என் எண்ணம் அதுதான். ஒரு ஆட்டம் என்ன, ரெண்டு ஆட்டம் தடை போட்டாலும் ஏத்துக்கிறேன்.”

அழகுபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவனை இன்றுதான் நேரில் பார்க்கிறார். இனி முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது?

இன்னாசிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மேடம், இத்தனை வருஷமா விசில் ஊதுறேன். என் தீர்ப்பு சரின்னு ஒருத்தன் சொன்னதில்ல. இன்னைக்கு அட்டை வாங்குனவனே சொல்றான். என் மானத்தைக் காப்பாத்த, செய்யாத தப்பைத் தலையில போட்டுக்கிறான் இந்தத் தம்பி. அதுக்கப்புறமும் நான் மறைச்சா கர்த்தர் மன்னிக்க மாட்டாரு. எனக்குச் சரியாத் தெரியல மேடம். ஊகத்துலதான் காட்டுனேன்.”

“இல்ல சார்! உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும் சார்!” என்று பதறினான் ஜெயபாண்டி.

“போதும்ப்பா. நீ பேசாத” என்று அவனை அடக்கினார் இன்னாசிமுத்து.

பிலோமினாளின் களைத்த முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. “இப்படி ஒரு பையனை வெளிய உக்கார வைக்க எனக்கு மனசு வரல. தடை ரத்து. ஞாயித்துக்கிழமை தாராளமா ஆடலாம்.”

வெளியே வந்ததும் அழகுபாண்டி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“நடிச்சுத் தள்ளிட்டியே மாப்ள! இந்த ஐடியா எனக்கே வரலையேடா!”

ஜெயபாண்டி சிரிக்கவில்லை. “அண்ணே, இதுக்கு மேல அப்பீல் ஏதாச்சும் இருக்கா?”

“எதுக்குடா? நாமதான் ஜெயிச்சாச்சே!”

அவன் செல்போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனான். முதலாளிக்குத் தகவல் சொல்லி, அவர் வாயால் பாராட்டும் வாங்கிக்கொண்டு, இரண்டு டீயோடு அவனைத் தேடிப் போனார் அழகுபாண்டி. ஜெயபாண்டி முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான்.

“அழுகாதக்கா. மருமகளுக்குக் காது குத்துறப்ப மடியில வச்சுக்கப் பெரியப்பா மகனைக் கூப்பிட்டுக்க. ஞாயித்துக்கிழமை ஒருநாள் லீவு கேட்டேன், மேனேஜர் அண்ணன் தரல. சரின்னு பாய்ஞ்சு ஒரு ரெட் கார்டு வாங்குனேன்... இன்னைக்கு அதையும் பிடுங்கிட்டாங்கக்கா.”