ஏறிப்போன அளவு

"தோள் ரெண்டும் கழண்டு விழுற மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடி" என்றான் புருஷன்.

மருத்துவமனை பெஞ்சுக்குப் பின்னால் நின்றபடி அவள் பிடித்துவிட்டாள். கைதான் பிடித்தது, மனசு அடித்துக்கொண்டது. நோய் எலும்புக்கே இறங்கிவிட்டதோ?

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவன் அவன். உள்ளங்காலில் வந்த கறுப்பைக் கால் ஆணி என்று நினைத்து, பிளேடால் சீவிச் சீவியே ஒரு வருஷத்தை ஓட்டினான். தோல் புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுத்தும் தொடை இடுக்கில் கட்டி கிளம்பியது. இப்போது நரம்பு வழியாக மருந்து ஏறுகிறது.

போன முறை டாக்டரம்மா சொல்லியிருந்தார்: "ரத்தத்துல ஒரு அளவு இருக்கு. அது ஏறியிருந்தா நோய் இந்த மருந்துக்குக் கேக்குறது கஷ்டம். உங்களுக்குக் கொஞ்சம் ஏறித்தான் இருக்கு. பார்ப்போம்."

அன்றிலிருந்து அவன் வீட்டில் தங்குவதில்லை. காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று விடியும்போதே போனால், வெயில் ஏறித்தான் திரும்புவான்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"அந்த அளவு ரெண்டு மடங்கா ஏறியிருக்கு."

அவள் முந்திக்கொண்டு கேட்டாள்: "அப்ப மருந்தை நிறுத்திடுவீங்களா டாக்டரம்மா?"

"அதைத்தான் யோசிச்சேன். ஆனா ஸ்கேன்ல கட்டி பாதியா சுருங்கியிருக்கு. ரெண்டும் ஒத்துவரலையேன்னு அதே ரத்தத்துல தசைக்கான டெஸ்டும் பார்க்கச் சொன்னேன். அதுவும் எக்கச்சக்கம்." கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, பளுவான வேலை ஏதாவது செஞ்சீங்களா? உடம்பு முறிய உழைச்சாலும் இந்த ரெண்டு அளவும் ஏறும்."

"இல்லீங்களே."

"கையைக் காட்டுங்க."

அவன் கையை மடியில் ஒளித்தான். அவள் பிடுங்கி விரித்தாள். மாசக்கணக்கில் சும்மா இருந்து மெத்துப்போன உள்ளங்கையில், வரிசையாகக் கொப்புளம்.

"ஒரே ஒரு குழிதான்" என்று முனகினான். "மண்ணு கெட்டி. அதான் இத்தனை நாள் இழுத்துடுச்சு."

"அடப்பாவி! அறுத்த காலை வச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல நின்னா வெட்டினே? காலாற நடக்குற லட்சணமா இது?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "திட்டுறதை வீட்டுல வச்சுக்குங்க. மருந்துக்கு நோய் நல்லாவே கேக்குது, நான் நிறுத்தப் போறதில்ல. பத்து நாள் எதையும் தூக்காம உட்கார்ந்துட்டு வரட்டும், மறுபடி ரத்தம் எடுப்போம். அந்த அளவு சரசரன்னு இறங்கிடும் பாருங்க."

அவளுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. டாக்டரம்மாவின் கையைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினாள்.

வெளியே வந்ததும் புருஷன் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். அடுத்த நொடி அதே இடத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"பிழைச்சுக்கிட்டே, போ!"

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சிரித்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏன்யா, ஒரு மாசமா யாருமே சாகல, குழி வேலையே இல்லன்னுதானே உன் கூட்டாளி நெட்டை செங்கல் தூக்கப் போயிட்டான்? நீ யாருக்கு வெட்டினே?"

அவன் கட்டுப்போட்ட காலையே பார்த்தான்.

"எனக்குத்தான். நெட்டை வெட்டினா ஓரம் நேரா வராது, அதான் நானே வெட்டி வச்சுட்டேன். இப்ப அத்தனை மண்ணையும் அள்ளிப் போட்டு மூடித் தரணும், அந்தக் கடன் ஒண்ணு பாக்கி."