பின்னால் வந்த கூட்டம்

முழங்கால் ஆழக் கடலில் ஒருவர் காலையிலிருந்து தூண்டிலோடு நடந்துகொண்டிருந்தார். வழிகாட்ட வந்த உள்ளூர்க்காரரை, "எல்லாம் எனக்கே தெரியும்" என்று அனுப்பிவிட்டார். தூரத்துத் தண்ணீரை உற்றுப் பார்ப்பார், இறகில் செய்த பொய் இறாலை வீசுவார், இழுப்பார், மறுபடி நடப்பார்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று இடது பூட்ஸ் முனகியது. அடி பிய்ந்து அது வாயைப் பிளந்திருந்தது.

"மீன் கண்ணுல படுற வரைக்கும்," என்றது வலது பூட்ஸ்.

"அதுங்கதான் நம்ம பின்னாலேயே வருதே!"

உண்மைதான். பூட்ஸ்கள் கிளறிவிட்ட சேற்றில் நெளிந்த புழுக்களைத் தின்றபடி ஒரு மீன் கூட்டமே வந்துகொண்டிருந்தது.

"இவர் எங்க திரும்பிப் பாக்குறார்?" என்றது வலது பூட்ஸ். " கல்லுல இடற வச்சுக்கூடப் பாத்துட்டேன். எழுந்து மறுபடி முன்னாலதான் பாக்குறார்."

பொழுது சாய்ந்ததும் அவர் கரையேறி பூட்ஸ்களைக் கழற்றிப் போட்டார். "இங்க மீனே இல்ல. நாளைக்கு இன்னும் தூரமாப் போகணும்."

கரையோரம் வரை வந்திருந்த கொழுத்த மீன் ஒன்று பூட்ஸ்களைப் பார்த்துத் தலையை நீட்டியது.

"நாளைக்கும் இவரையே கூட்டிட்டு வாங்க, என்ன?"

இடது பூட்ஸின் பிளந்த வாயிலிருந்து தண்ணீர்தான் வடிந்தது.