ஞாயிற்றுக்கிழமைக் கடல்

பஹ்ரைனில் லிஜின் வேலை செய்யும் மீன்பிடிப் படகு கவிழ்ந்துவிட்டது. ஏறிப்போன ஒருவரும் பிழைக்கவில்லை. மத்தியானம் குளச்சலுக்குச் செய்தி வந்ததிலிருந்து ரெஜிஷா கணவனின் எண்ணையே திரும்பத் திரும்ப அழைத்தாள். காலையிலிருந்தே அது அணைந்து கிடந்தது.

“நாந்தான் மைனி அவர அனுப்புனேன், நாந்தான்!” என்று நாத்தனார் குளோரியின் மடியில் விழுந்து கதறினாள்.

குளச்சலில் தேவாலயப் பூசை நாளான ஞாயிறன்று யாரும் கடலில் இறங்குவதில்லை. பஹ்ரைனிலும் லிஜின் அப்படியே இருந்தான். இந்த ஞாயிறும் வராவிட்டால் வேலை இல்லை என்று அரபி முதலாளி சொல்லிவிட்டார். போயே தீர வேண்டும் என்று ரெஜிஷாதான் நேற்று போனில் பிள்ளைமேல் சத்தியம் வாங்கினாள்.

“அனுப்பாதன்னு நான் சொல்லியும் கேட்டியா? கடவுளே, எந் தம்பி...” குளோரியாலும் அழுகையை அடக்க முடியவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது.

“ஏட்டி, என்ன வையாத. சத்தியம் பண்ணுனேன்தான். ஆனா ஞாயித்துக்கெழம கடல்ல எறங்க காலு வரல்ல. பூசைக்குப் போயிட்டு வந்து ரூம்ல படுத்துட்டேன். நீ வைவேன்னு பயந்துதான் போன ஆஃப் பண்ணுனேன்.”

ரெஜிஷா போனைப் பிடித்தபடி அழுதாள்.

“வேல போச்சுன்னா அழுக? அழாதட்டி. போட் கரைக்கு வரட்டும். கூட உள்ளவனுவள வச்சு அரபிகிட்ட பேசிக்கிடலாம்.”