காட்டாத படித்துறை

"லேடீஸ் பாத்ரூம் எங்க இருக்கு அண்ணாச்சி?"

மட்டாஞ்சேரி அரண்மனை வாசலில் பாண்டித்துரை கேட்ட முதல் கேள்வியே அதுதான். கேட்டுவிட்டுக் கையிலிருந்த போனை விஸ்வநாத்தின் வாய்க்கு நேராக நீட்டினார். ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது.

விஸ்வநாத் சுற்றுமுற்றும் பார்த்தார். பெண்கள் யாரும் கூட இல்லை. தென்காசியிலிருந்து தனியாக ஊர் பார்க்க வந்திருப்பதாகச் சொல்லித்தான் இந்த ஆள் அவரைக் கைடாகப் பிடித்திருந்தார்.

"டிக்கெட் கவுண்டருக்குப் பின்னாடியாக்கும். அது சரி, எதுக்கு ரெக்கார்ட் பண்றேள்?"

"மறதி அண்ணாச்சி. நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க."

விஸ்வநாத்துக்குச் சக கைடு சந்தீப்பின் ஞாபகம் வந்தது. போன மாதம் அவனிடமும் ஒருவன் இப்படித்தான் தனியாக வந்தான், போனை நீட்டினான். இப்போது சந்தீப் சொன்ன கதைகளையெல்லாம் ஒரு ஆப்பில் ஏதோ பெண் குரல் சொல்கிறது. காதில் மாட்டிக்கொண்டால் போதும், கைடே வேண்டாம். சந்தீப் வைட்டிலாவில் பிரியாணிக் கடை வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிறான்.

அடுத்தது நானா? நடக்காது. என் நிஜக் கதை எதுவும் அந்த ஆப்பில் ஏறாது. விஸ்வநாத் தொண்டையைச் செருமினார்.

"இது திப்பு சுல்தான் குதிரை கட்டின லாயம். கேட்டேளோ? அரண்மனைன்னு பேரு வந்தது பின்னாடி."

"திப்பு சுல்தான்... குதிரை லாயம்..." பரீட்சைக்குப் போகும் பையனைப் போல பாண்டித்துரை முணுமுணுத்துக்கொண்டார். "முட்டி வலிக்காரங்க எங்கன உக்காரலாம்?"

"அந்த மரத்தடியில."

ஆப்புக்கு எல்லாம் தேவைப்படும்போல என்று விஸ்வநாத் பல்லைக் கடித்தார்.

யூதர் கோயிலில் சீனாவிலிருந்து வந்த நீலப்பூ ஓடுகளைக் காட்டி, "ஆத்தங்குடி ஓடாக்கும்" என்றார்.

"அட, நம்மூர்ச் சரக்கா!" பாண்டித்துரையின் முகம் மலர்ந்துபோனது. "இதச் சொன்னா ரொம்பப் பிடிக்கும்."

யாருக்கு என்று விஸ்வநாத் கேட்கவில்லை. மனசு லேசாக உறுத்தியது. சந்தீப்பை நினைத்துக்கொண்டார், உறுத்தல் அடங்கியது.

"செருப்ப இங்க விட்டா பத்திரமா? இஞ்சி டீ எந்தக் கடையில நல்லாருக்கும்?"

எல்லாவற்றுக்கும் கோணல்மாணலாகப் பதில் சொல்லிக்கொண்டே கிடங்குத் தெருவுக்கு வந்தார்கள். சுக்கு வாசனை வந்து மோதியதும், எப்போதும் போல விஸ்வநாத்தின் கால் தானாகத் தயங்கியது.

மனசுக்குப் பிடித்தவர்கள் வந்தால் இந்தச் சந்து வழியாகக் கூட்டிப்போவார். கோடியில் காயலில் இறங்கும் பழைய படித்துறை. அப்பா இங்கே மிளகுக் கிடங்கில் கணக்குப்பிள்ளை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் விஸ்வநாத்தான் சாப்பாடு கொண்டுவருவார். மூட்டை ஏற்றிய வள்ளங்கள் படியில் இடித்து நிற்கும். அப்பாவின் வேட்டியெல்லாம் மிளகு மணக்கும். சாப்பிட்டுக் கை கழுவியதும் கிழிந்த மூட்டையிலிருந்து ஒரே ஒரு மிளகை எடுத்து மகன் கையில் வைப்பார். "கடிச்சுண்டே ஓடு. காரம் தீரறதுக்குள்ள ஆத்துல இருக்கணும், ஆமாம்." நாக்கு எரிய எரிய வீடு வரை ஓடிய ஓட்டம். இன்றைக்கும் அந்தப் படியில் உட்கார்ந்தால் நாக்கில் எச்சில் ஊறும்.

"இந்தச் சந்துக்குள்ள என்ன இருக்கு அண்ணாச்சி?"

"ஒண்ணும் இல்லை. சாக்கடை."

"சாயங்காலம் தண்ணிக்கரையில உக்காந்து காத்து வாங்குற மாதிரி ஒரு எடம்? யாரும் வராத எடமா?"

"அப்படி எடமே இந்தப் பக்கம் கிடையாது."

பாண்டித்துரையின் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் ஒரு ஆட்டோ அவர்களை உரசிக்கொண்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

"பாண்டியண்ணா! இன்னு கடை லீவாணோ?"

பாண்டித்துரை சட்டென்று போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஆட்டோ போய்விட்டது.

"ஓஹோ!" விஸ்வநாத்தின் குரல் உயர்ந்தது. "தென்காசியாம், ஊர் பார்க்க வந்தேளாம்! இந்த ஊர்லயே இருக்கற ஆளுக்குக் கைடு எதுக்கு? எந்தக் கம்பெனி ஆப்பு? என் சோத்துல மண்ணைப் போடத்தானே வந்தேள்?"

"ஆப்பா? அய்யய்யோ, என்ன அண்ணாச்சி சொல்லுதிய! நான் இங்கன சுள்ளிக்கல்ல ஒரு கடையில பரோட்டா மாஸ்டர். இருபது வருசமாச்சு."

"பின்னே ஏன் பொய் சொன்னேள்?"

பாண்டித்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

"இங்கயே கெடந்தும் ஊரப் பாக்கலன்னு சொல்ல வெக்கம் அண்ணாச்சி. நாளைக்கு எம்பொண்டாட்டி பொன்மணி வாறா. முதத் தடவையா. அடுப்புல வேகுதேன்னு சொன்னா அழுவாளேன்னு, இத்தன வருசமும் போன்ல அளந்து விட்டுட்டேன். அரண்மன பாத்தேன், சாயங்காலம் ஆனா தண்ணிக்கரையில என் எடத்துல காத்து வாங்குதேன்னு. 'ஒங்க எடத்த முதல்ல காட்டணும்'னு சொல்லிட்டா. அந்தப் பரோட்டாக் கல்லு முன்ன நின்ன எடத்த விட்டா எனக்கு எந்த எடம் இருக்கு அண்ணாச்சி?"

விஸ்வநாத் போனை வாங்கி, அதில் பதிந்திருந்த அத்தனையையும் அழித்தார்.

"ஐயோ, என்ன பண்ணுதிய!"

"அதுல பாத்ரூமும் மரத்தடியும்தான் நிஜம். அரண்மனையிலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கலாம்" என்றவர், சந்துக்குள் திரும்பி நடந்தார். "அதுக்கு முன்னாடி இப்படி வாங்கோ. ஒரு படித்துறை இருக்கு. நாளைக்கு அவா கையில ஒரு மிளகைக் குடுத்து உக்கார வச்சு, இருபது வருஷமா உங்க எடம் இதுதான்னு சொல்லுங்கோ."