திருப்பிக் கட்டிய ஃப்ளெக்ஸ்

"அண்ணாச்சி, இது என்ன கூத்து?"

லோடு ஆட்டோவிலிருந்து சுருட்டி இறக்கிய ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் பிரியதர்ஷினிக்குப் பகீரென்றது. சுருளுக்கு வெளியே தெரிந்ததே தங்கக் கலர் பார்டர், ஓரமெல்லாம் ரோசாப்பூ. போதாதா?

"திறப்பு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் இல்லேன்னா ஊரு என்ன பேசும் தாயி?" என்றார் இசக்கிதுரை அண்ணாச்சி.

பாளையங்கோட்டையில் அவருக்கு மூன்று கடை. மூன்றிலும் வாசல் நிறைய அவர் முகம்தான் சிரிக்கும். நாலாவதாகத்தான் இந்த 'படித்துறை'. பணக்கார வீடுகளுக்கான மேசை, நாற்காலி, விளக்கு. அதற்குச் சின்னம் வரைந்தவள் பிரியதர்ஷினி. பெங்களூர் வேலையை உதறிவிட்டுச் சொந்த ஊரில் எடுத்த முதல் வேலை. ஆற்றுப் படி மாதிரி மூன்று மெல்லிய கோடு, அடியில் நகக்கண் அளவுக்குப் பெயர். அவ்வளவுதான்.

"யானை விலைக்கு விக்கிற மேசைக்கு எறும்பு அளவுக்குப் பேரா?" என்று அன்றைக்கே முனகினார்.

"கத்திச் சொல்லாம இருக்கதுதான் அண்ணாச்சி கௌரவம்" என்று மல்லுக்கு நின்று ஜெயித்திருந்தாள்.

இப்போது வாசலிலேயே மண்ணள்ளிப் போடுகிறாரே மனுஷன்! மும்பையில் ஹோட்டல்கள் நடத்தும் சீதாலக்ஷ்மி மேடம் வருகிற நேரம். அவருக்குப் பிடித்தால் அத்தனை ஹோட்டலுக்கும் சாமான் இங்கிருந்துதான். பிடிக்காவிட்டால் இவள் மறுபடி பெங்களூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"இன்னிக்கு ஒரு நாளாவது உங்க மூஞ்சியை வீட்டுல வச்சிட்டு வரக்கூடாதா?"

அண்ணாச்சி முகம் சுண்டிப்போனது. "கம்பு நட்டாச்சே தாயி..." என்று இழுத்தார்.

"அப்ப சுவரைப் பார்க்கத் திருப்பிக் கட்டுங்க. வெள்ளை மட்டும் தெரியட்டும்."

கட்டி முடிக்கும்வரை அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பிறகு வந்து, அந்த வெள்ளை முதுகின் மூலையில் கறுப்பு மையால் மூன்று கோடு போட்டாள்.

காரை விட்டு இறங்கிய மேடம் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஸ்டேஷன்லேர்ந்து வழியெல்லாம் முகமா பாத்துண்டு வரேன். இங்கதான் கண்ணுக்கு நிம்மதியா இருக்கு. யார் யோசனை இது?"

"எல்லாம் இந்தப் பிள்ளைதான்" என்றார் அண்ணாச்சி.

உள்ளே போய் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தவர், வெளியே வரும்போது சொன்னார். "எல்லா ஹோட்டலுக்கும் அனுப்பிடுங்கோ."

பிரியதர்ஷினிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜெயித்துவிட்டாள்!

கார் போனதும் அண்ணாச்சி பைய வந்து நின்றார்.

"இப்பவாவது நேராத் திருப்பட்டுமா? நீ இன்னும் பாக்கலையே."

திருப்பினார்கள். தங்கக் கலர் பார்டர். ரோசாப்பூ. நடுவில் அண்ணாச்சியைக் காணோம்.

அவள் முகம்! 'படித்துறைக்குச் சின்னம் வரைந்த நம்ம ஊர்ப் பிள்ளை பிரியதர்ஷினி' என்று ஆளுயர எழுத்து.

"உங்கம்மாட்ட போட்டோ வாங்கினேன். பேரைச் சின்னதாப் போடச் சொன்னியே, எம் பேரைத்தான் அப்படிப் போட்டுட்டேன்."

கீழ் மூலையில் இசக்கிதுரை. நகக்கண் அளவுக்கு.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

"அட, விடு தாயி. மறுபடி திருப்பிரட்டுமா? கத்திச் சொல்லக் கூடாதுல்லா?"

பிரியதர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம் உசத்திக் கட்டச் சொல்லுங்க. பஸ்ல போறவங்களுக்கும் தெரியணும்லா!"